எரிசக்திச் சோதனையில் மாதிரியைக் காப்பது எப்படி: அள்ளும் கையிலிருந்து ஆய்வுகூட மேசை வரை

தேயிலை பெக்டரிக்கு ஒருவர் வருகிறார். அடுப்பு விறகின் மேல் தன் தூளைத் தூவினால் மூன்றில் ஒரு பங்கு விறகு மிச்சம் என்கிறார். இன்னொரு நாள் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், கொடுத்த மின்சாரத்தைவிடக் கூடுதலாக வெப்பம் தரும் கலம் என்று ஒன்றைக் கண்காட்சிக்குக் கொண்டுவருகிறான். இரண்டையும் சோதித்துப் பார்க்கலாம். சோதித்து முடித்த பிறகு, "இந்தச் சாம்பல் அந்த அடுப்பிலிருந்துதான் வந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டால் கையில் பதில் இருக்க வேண்டும். அந்தப் பதிலை முன்கூட்டியே தயார் செய்வது எப்படி என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

ஹட்டன் பக்கத்துப் பெக்டரி ஒன்றில் இந்த வேலையை இரண்டு முறை செய்திருக்கிறேன். பாடசாலை விஞ்ஞான மன்றப் பிள்ளைகளோடும் சில தடவை செய்தேன். பெக்டரியில் செய்த முதல் சோதனையின் முடிவு முழுவதையும் ஒதுக்கிவைக்க வேண்டி வந்தது. அளவீட்டில் பிழை இல்லை. மாதிரி யார் யார் கையில் இருந்தது என்று எங்களால் காட்ட முடியவில்லை, அவ்வளவுதான்.

வழி நெடுக ஒரு வெளிநாட்டு உதாரணத்தைத் தொட்டுக்கொண்டே போவேன். 2014 பெப்ரவரி, மார்ச்சில் சுவிட்சர்லாந்தின் லுகானோவில், இத்தாலியரான அந்திரேயா ரோஸியின் 'ஈ-கெட்' என்ற உலை 32 நாள் ஓடியது. உள்ளே இருந்தது ஏறத்தாழ ஒரு கிராம் தூள். நிக்கலோடு இலிதியம் அலுமினியம் ஐதரைட்டு கலந்தது. கொடுத்த மின்சாரத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் வெப்பம் வந்தது என்று இத்தாலி, சுவீடன் ஆய்வாளர்கள் ஆறு பேர் அந்த ஒக்டோபரில் அறிக்கை வெளியிட்டார்கள். சாம்பலில் நிக்கல்-62 சமதானி (ஒரே தனிமத்தின், நிறை மட்டும் வேறான அணு வகை) 98 சதவீதத்துக்கு மேல் இருந்ததாகவும் அறிக்கை சொன்னது. இயற்கை நிக்கலில் அது 3.6 சதவீதம்தான். அதாவது உலைக்குள் அணுவே மாறிவிட்டது என்பது கூற்று. அந்தச் சாம்பல் மாதிரியைப் பற்றிய சந்தேகம் இன்று வரை தீரவில்லை.

1. ஆய்வுகூடத்தோடு முதலில் பேசுங்கள்

புதிதாக வருபவர்கள் மாதிரியை அள்ளி, கையில் கிடைத்த ஜாம் போத்தலில் போட்டுக்கொண்டு, அப்புறம்தான் எங்கே அனுப்பலாம் என்று யோசிக்கிறார்கள். வரிசையைத் திருப்பிப் போடுங்கள்.

எத்தனை கிராம் வேண்டும், எந்தப் பாத்திரத்தில் வேண்டும், எத்தனை நாளுக்குள் வர வேண்டும், மறுபடி சோதிக்க எவ்வளவு மிச்சம் வைக்க வேண்டும்? இந்த நான்கையும் கேட்டு எழுதிக்கொண்ட பிறகுதான் மற்ற வேலை.

பாத்திரம் சின்ன விஷயமாகத் தெரியும். 1989 இல் 'குளிர் அணுச்சேர்க்கை' சர்ச்சை (சாதாரணச் சூட்டிலேயே ஒரு கலத்துக்குள் அணுக்கருக்கள் சேர்ந்து வெப்பம் தருகின்றன, அப்போது ஹீலியம் உண்டாகலாம் என்ற கூற்று) கிளம்பிய பிறகு, சில ஆய்வாளர்கள் கலத்திலிருந்து வரும் வாயுவில் ஹீலியம் இருக்கிறதா என்று தேடினார்கள். காற்றிலேயே பத்து லட்சத்தில் ஐந்து பங்கு ஹீலியம் இருக்கிறது. அது கண்ணாடியையும் மெல்ல ஊடுருவும். அதனால் கண்ணாடிக் குடுவையில் எடுத்த மாதிரிகளைக் கேள்வி கேட்க இடம் வந்தது. பிறகு உலோகக் குடுவைக்கு மாறினார்கள். நம் சாம்பலுக்கு அந்தக் கவலை வேண்டாம். ஆனால் சூட்டுச் சாம்பலைப் பொலித்தீன் பையில் போட்டால் பை உருகிச் சாம்பலோடு கலந்துவிடும்.

2. எதைப் பார்க்கப் போகிறோம் என்று எழுதி வையுங்கள்

எந்த எண் எந்த அளவுக்கு மாறினால் "வேலை செய்கிறது" என்று ஒப்புக்கொள்வோம்? ஒரு பக்கத்தில் எழுதி, திகதி போட்டு, சொன்னவரும் சோதிப்பவரும் கையெழுத்திட வேண்டும். சோதனை ஓட்டம் முடிந்த பிறகு எழுதினால், வந்த முடிவுக்கு ஏற்றபடி கேள்வியை வளைக்க மனசு தானாகப் போகும். நல்ல மனிதர்களுக்கும் இது நடக்கிறது.

3. கையில் இருக்க வேண்டியவை

இறுக மூடும் போத்தல்கள், தேவையானதைவிட இரண்டு மடங்கு. சாம்பலுக்கு மூடியுள்ள தகர டின். 0.01 கிராம் காட்டும் தராசு, அதைச் சரிபார்க்க ஒரு நிறைக்கல். உரிக்கும்போது கிழிந்துபோகும் மெல்லிய காகிதப் பட்டி, பசை, அழியாத மை. பக்கங்களுக்கு அச்சிட்ட இலக்கம் உள்ள தைத்த கொப்பி. திகதியும் நேரமும் சரியாக வைத்த கைத்தொலைபேசி.

சுருள் கம்பிக் கொப்பி வேண்டாம். தாளைக் கழற்றினால் தெரியாது. செலோடேப்பும் வேண்டாம். கொஞ்சம் ஆவி காட்டினால் முழுசாகக் கழன்று, திரும்பவும் ஒட்டிக்கொள்ளும்.

4. யார் தொடலாம், யார் தொடக்கூடாது

மற்ற எல்லாவற்றையும்விட இந்தப் படியில்தான் சோதனைகள் அதிகம் கெட்டுப்போகின்றன.

விதி எளிது. கருவி வேலை செய்கிறது என்று சொல்பவரும், முடிவால் காசு பார்க்கக்கூடியவரும் மாதிரியைத் தொடக்கூடாது. போடும்போதும் கூடாது, எடுக்கும்போதும் கூடாது. பக்கத்தில் நின்று பார்க்கலாம், கேள்வி கேட்கலாம், படம் எடுக்கலாம்.

லுகானோ அறிக்கையே ஒளிக்காமல் சொல்கிறது: தூளை உள்ளே வைத்தது, உலையைத் தொடக்கியது, நிறுத்தியது, தூளை வெளியே எடுத்தது ஆகிய வேலைகளில் ரோஸி நேரடியாகக் கலந்துகொண்டார். செறிவூட்டிய நிக்கல்-62 காசு கொடுத்தால் கிடைக்கிற பொருள். அவர் மாற்றினார் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. மாற்றவில்லை என்று காட்டும் வழியைச் சோதித்தவர்கள் தங்களிடம் வைத்துக்கொள்ளவில்லை. கைக்குள் அடங்கும் ஒரு கிராம் தூள் விஷயத்தில் அந்த வழி இல்லாமல் எதையும் நிலைநாட்ட முடியாது.

எங்கள் முதல் சோதனையில் நடந்ததும் அதே கதை. தூள் விற்க வந்தவரோடு ஒரு பையனும் வந்திருந்தான். சாம்பல் எடுக்கும் நேரம், "நான் அள்ளித் தாறேன் சேர், உங்க கையெல்லாம் கரியாயிரும்" என்று கரண்டியை வாங்கிக்கொண்டான். உதவி செய்ய வந்த பிள்ளையிடம் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. நாலு டின்னும் அவன் கையால் நிறைந்தது. ஒரு வாரம் கழித்து, பெக்டரியில் தேயிலை தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கர் கேட்டார்: "அள்ளுனது யாரு?" அதோடு முடிந்தது.

அதனால் முதல் நாள் தேத்தண்ணி குடிக்கும்போதே சொல்லிவிடுங்கள். "நீங்க பக்கத்துல நின்னு பாருங்க அண்ணே, அள்ளுறது நாங்க. நாளைக்கு உங்க மேல ஒரு சொல் வரக்கூடாது பாருங்க." நேர்மையாக வந்தவர் இதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார். அவர் பெயரையும் இதுதான் காப்பாற்றுகிறது.

5. ஓட்டத்துக்கு முந்திய மாதிரி

பிந்திய மாதிரியில் எல்லோருக்கும் அக்கறை இருக்கிறது. முந்தியதை அவசரத்தில் ஒரு பிடி அள்ளி முடித்துவிடுகிறார்கள். ஒப்பிடப் போவது இரண்டையும்தான், ஆகவே இரண்டுக்கும் ஒரே கவனம் வேண்டும்.

விறகில் முதலில் பார்க்க வேண்டியது ஈரம். ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முழுக்கக் காய்ந்த மரம் கிலோவுக்கு ஏறத்தாழ 18.5 மெகாயூல் தரும் என்று வையுங்கள். 40 சதவீதம் ஈரமுள்ள விறகில் 0.6 கிலோதான் மரம். மிச்ச நீரை ஆவியாக்கவும் வெப்பம் செலவாகும். கழித்தால் கிலோவுக்குச் சுமார் 10 மெகாயூல் வரும். ஈரம் 20 சதவீதமானால் சுமார் 14. அதாவது காய்ந்த விறகைப் போட்டாலே அதே வெப்பத்துக்கு 30 சதவீதம் குறைந்த நிறை போதும். தூள் எதுவும் தேவையில்லை. 'மூன்றில் ஒரு பங்கு மிச்சம்' என்ற கதை வந்தால் முதலில் நான் தேடுவது இதைத்தான்.

ஆகவே தூள் போடும் நாளுக்கும் போடாத நாளுக்கும் ஒரே குவியலிலிருந்து விறகு எடுங்கள். குவியலின் மேல், நடு, அடி மூன்றிலும் கட்டைகளைப் பொறுக்குங்கள். கட்டையின் நுனியில் வெட்டாதீர்கள், நுனி சீக்கிரம் காய்ந்துவிடும். நடுவில் ஒரு வட்டம் அறுத்து, அறுத்த இடத்திலேயே நிறுங்கள். ஜூன், ஜூலை மழையில் பத்து நிமிடம் வெளியே வைத்தால்கூட எண் மாறிவிடும். பிறகு 105 பாகை செல்சியஸ் சூட்டில், இரண்டு முறை அடுத்தடுத்து நிறுத்தாலும் ஒரே நிறை வரும்வரை உலர்த்துங்கள். இழந்த நிறைதான் ஈரம்.

மாதிரி தூளாக இருந்தால் குவித்து நான்காகப் பிரிப்பது நல்ல முறை. சுத்தமான தாளில் கூம்பாகக் கொட்டித் தட்டையாக்கி, நான்கு துண்டாக்கி, எதிரெதிர் இரண்டை எடுத்துக் கலக்கி, திரும்பவும் அப்படியே. மேலே இருப்பதை மட்டும் கரண்டியால் எடுத்தால் பெரிய துகள்களுக்குப் பங்கு கூடிவிடும்.

ஒரு வெற்று மாதிரியும் வேண்டும். அதே டின், அதே கரண்டி, அதே நாள், ஆனால் சோதனைப் பொருள் சேராதது. 2011 இல் இதே ஈ-கெட்டின் பழைய வடிவத்திலிருந்து கிடைத்ததாகக் கொடுக்கப்பட்ட தூளில் 10 சதவீதம் செம்பும் 11 சதவீதம் இரும்பும் இருந்தன. செம்பின் சமதானி விகிதமோ இயற்கையில் உள்ளபடியே இருந்தது. அணு மாற்றத்தில் உண்டான செம்பு என்றால் விகிதம் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. குழாயிலிருந்தோ உறையிலிருந்தோ வந்ததா என்று அப்போதே பிரித்தறிய வெற்று மாதிரிதான் உதவியிருக்கும்.

6. அடைத்து முத்திரையிடுவது

வெறும் போத்தலை நிறுத்து எழுதுங்கள். மாதிரியைப் போட்டு நிறுத்து எழுதுங்கள். மூடி, பட்டி ஒட்டிய பின் மூன்றாவது முறை. இந்த மூன்றாவது எண்தான் பின்னால் ஆய்வுகூட வாசலில் கைகொடுக்கும்.

காகிதப் பட்டியை மூடியில் தொடங்கி, விளிம்பைத் தாண்டி, போத்தல் உடம்பு வரை ஒட்டுங்கள். கையெழுத்து பட்டியில் பாதி, கண்ணாடியில் பாதியாக ஓட வேண்டும். இருவர் கையெழுத்து வேண்டும். உடனே கிட்டத்தில் வைத்துப் படம் எடுங்கள்.

நம் பக்கத்தில் ஒரு தனித் தொல்லை உண்டு. வெளியே பனிமூட்டத்தில் குளிர்ந்த போத்தலைச் சூடான அறைக்குள் கொண்டுபோனால் கண்ணாடி வியர்த்துவிடும், பட்டி ஒட்டாது.  அறையின் சூட்டுக்கு வரும்வரை வைத்து, துணியால் துடைத்து, அப்புறம் ஒட்டுங்கள்.

பாடசாலைப் பிள்ளைகளோடு செய்த ஒரு பயிற்சியில், போத்தல்களை ஒரு இரவு அலுமாரியில் வைத்திருந்தோம். காலையில் ஒரு மாணவி மூன்றாம் போத்தலைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சேர், என் பேரு இங்க உடைஞ்சிருக்கு" என்றாள். அவள் கையெழுத்தின் கடைசிச் சுழி கண்ணாடியில் ஒரு மயிரிழை கீழே இருந்தது, பட்டியில் இருந்த கோட்டோடு சேரவில்லை. வியர்த்த கண்ணாடியில் பட்டி நழுவியதா, யாராவது திறந்தார்களா என்று சொல்ல வழி இல்லை. அந்தப் போத்தலை அன்றே விலக்கினோம். அவள் முதல் நாள் எடுத்த படம் இல்லாவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது.

7. மூன்றாகப் பிரியுங்கள்

ஒன்று ஆய்வுகூடத்துக்கு, ஒன்று கருவி கொண்டுவந்தவருக்கு, ஒன்று இருவருக்கும் பொதுவான மூன்றாம் ஆளிடம். மூன்றும் ஒரே நேரத்தில், ஒரே கலவையிலிருந்து பிரிந்து, மூன்றிலும் எல்லோர் கையெழுத்தும் இருக்க வேண்டும். சண்டை வந்தால் மூன்றாவதைத் திறந்து பார்க்கலாம்.

நன்றாகக் கலக்காமல் பிரித்தால் இது வீண். லுகானோ சாம்பலில் இலிதியம்-6 எவ்வளவு என்று இரண்டு முறைகளில் பார்த்தார்கள். துகளின் மேற்பரப்பைப் பார்க்கும் முறை 92 சதவீதம் என்றது, கரைத்துப் பார்க்கும் முறை 57 சதவீதம் என்றது. இயற்கையில் அது 7.5 சதவீதம். சில மில்லிகிராமைத் துகள் துகளாகப் பார்க்கும்போது, பார்த்த துகள் முழுத் தூளுக்கும் சாட்சியா என்ற கேள்வி தானாக எழும்.

8. கைமாற்றுப் பதிவேடு

மாதிரி ஒவ்வொரு முறை கைமாறும்போதும் ஒரு வரி: யார் கொடுத்தார், யார் வாங்கினார், திகதி, மணி, இடம், முத்திரை எப்படி இருந்தது, நிறை எவ்வளவு. இருவரும் கையெழுத்திட வேண்டும். "அலுமாரியில் வைத்தேன்" என்பதும் ஒரு வரிதான். சாவி யாரிடம் என்று அதில் வர வேண்டும்.

ஹட்டனிலிருந்து பேராதனைக்கு பஸ்ஸில் கொண்டுபோவதாக வையுங்கள். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைந்து வளைந்து போகும் பாதை. பையை மேல் தட்டில் போட்டுவிட்டுத் தூங்கிப்போகாதீர்கள், மடியில் வையுங்கள். நடுவில் தேத்தண்ணிக் கடையில் இறங்கினால் பையோடு இறங்குங்கள். தெரிந்த டிரைவரிடம் கொடுத்துவிடுவது நம் ஊர்ப் பழக்கம். மாதிரிக்கு அது சரிவராது, ஏனென்றால் அந்த மூன்று மணி நேரத்துக்குப் பதிவேட்டில் பெயர் இருக்காது.

பிழையாக எழுதினால் ஒரே கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்திடுங்கள். வெள்ளை மை பூசினால் அந்தப் பக்கத்தையே யாரும் நம்பமாட்டார்கள்.

9. ஓட்டம் நடக்கும்போது

முதலில் தூள் இல்லாமல் ஓட்டுங்கள், அதே சூட்டுக்கு, அதே நேரத்துக்கு. லுகானோவில் எரிபொருள் இல்லாத உலையை முழு வேலைச் சூட்டுக்குக் கொண்டுபோகாமல் மிகக் குறைந்த சூட்டில் மட்டுமே சரிபார்த்தார்கள். வெப்பத்தை, சூட்டைக் காட்டும் கெமராவால் அளந்ததால், உயர்ந்த சூட்டில் அந்த அளவீடு சரியா என்ற கேள்வி மாதிரிப் பிரச்சினைக்கு மேல் இன்னொன்றாகச் சேர்ந்தது.

பெக்டரியில் கொழுந்தையும் கவனியுங்கள். மழை நாள் கொழுந்து நனைந்து வரும், வாட்டவே கூடுதல் வெப்பம் இழுக்கும். தூள் போட்ட நாள் வெயிலாகவும் போடாத நாள் மழையாகவும் அமைந்தால் ஒப்பீடு செல்லாது. ஒன்றுவிட்டு ஒரு நாள் மாற்றி மாற்றி ஓட்டினால் இது பெரும்பாலும் சரியாகும்.

இரவு ஷிப்டில் அடுப்பை யார் பார்க்கிறார் என்று பெயரோடு எழுதுங்கள். அடுப்புக்கார அண்ணனை முதல் நாளே கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் இரண்டாம் சோதனையில், "வேற லொறி விறகு இதுல கலந்துருச்சு" என்று வந்து சொன்னவர் அவர்தான்.

10. ஓட்டத்துக்குப் பிந்திய மாதிரி

அடுப்பு ஆறும்வரை சாம்பல் கதவை மூடி, அதற்கும் பட்டி ஒட்டிக் கையெழுத்திடுங்கள். உலை நின்றதற்கும் மாதிரி எடுத்ததற்கும் இடைப்பட்ட நேரத்தைத்தான் பலர் மறந்துபோகிறார்கள்.

சாம்பல் முழுவதையும் எடுத்து நிறுங்கள், பிறகு குவித்துப் பிரியுங்கள். கொஞ்சம் மட்டும் எடுத்தால் மிச்சம் எங்கே போனது என்று யாரும் சொல்ல முடியாது. விறகுச் சாம்பல் காற்றிலிருந்து நீரையும் காபனீரொட்சைட்டையும் இழுக்கும், ஆகவே மூடிய டின்னிலேயே ஆற விடுங்கள்.

11. ஆய்வுகூடத்துக்குப் பெயர் போகக்கூடாது

'தூள் போட்டது', 'போடாதது' என்று எழுதி அனுப்பாதீர்கள். எண் மட்டும் எழுதுங்கள். எந்த எண் எது என்ற பட்டியலை மூடிய உறையில் பொது ஆளிடம் கொடுங்கள். வெற்று மாதிரியையும், விடை ஏற்கனவே தெரிந்த ஒரு மாதிரியையும் நடுவில் சேருங்கள். அந்த இரண்டும் பிழையாக வந்தால் மற்றவற்றை நம்ப அவசரப்பட வேண்டாம்.

முத்திரையை உடைப்பதற்கு முன் நிறுத்து, உங்கள் மூன்றாவது எண்ணோடு ஒப்பிடும்படி ஆய்வுகூடத்தில் கேளுங்கள்.

12. வந்த முடிவை மற்றக் கணக்கோடு மோதவிடுங்கள்

மாதிரி சொல்வதும் வெப்பம் சொல்வதும் ஒத்துப்போக வேண்டும். லுகானோ சாம்பலை எடுத்துக்கொள்ளுங்கள். பார்த்த துகள்களில் நிக்கல் ஏறக்குறைய முழுவதும் ஒரே சமதானியாகிவிட்டது என்றால் எரிபொருள் தீர்ந்துவிட்டது என்று பொருள். தீர்ந்துகொண்டே போகும் எரிபொருள் கடைசி நாட்களில் வெப்பம் குறைந்து காட்ட வேண்டும். அறிக்கையிலோ வெப்பம் இறுதிவரை தளரவில்லை. அவ்வளவு அணு மாற்றம் நடந்தும் கதிர்வீச்சு பின்னணி அளவுக்கு மேல் போகவில்லை. மூன்றும் ஒரே கதையைச் சொல்லவில்லை. அப்படி வரும்போது முதலில் சந்தேகிக்க வேண்டியது மாதிரியை, பௌதிகவியலை அப்புறம் பார்க்கலாம்.

நம் அடுப்பிலும் இதே பழக்கம்தான். விறகு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தால் சாம்பலும் ஏறத்தாழ அதே அளவு குறைந்திருக்க வேண்டும். சாம்பல் குறையாமல் விறகு மட்டும் குறைந்திருந்தால், நீங்கள் பார்ப்பது ஈரம் குறைந்த விறகாக இருக்கலாம், அல்லது கணக்கில் வராத விறகாக இருக்கலாம்.

13. சந்தேகம் வந்துவிட்டால்

பட்டி கிழிந்திருந்தாலோ, நிறை மாறியிருந்தாலோ, பதிவேட்டில் ஒரு இரவுக்கு ஆள் இல்லாவிட்டாலோ, அந்த மாதிரியின் முடிவைத் தனியே எழுதுங்கள். என்ன நடந்தது என்று ஒரு வரியும் சேருங்கள். சராசரியில் கலக்காதீர்கள், தூக்கியும் எறியாதீர்கள். யார் மேலும் பழி எழுதாதீர்கள். பார்த்ததை மட்டும் எழுதுங்கள்: "மூன்றாம் போத்தல், காலை 7.40, கையெழுத்துக் கோடு சேரவில்லை."

பிறகு பொது ஆளிடம் இருக்கும் போத்தலை எல்லோர் முன்னாலும் திறந்து, வேறு ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். திறக்கும்போது பாதியை மட்டும் எடுத்து, மிச்சத்தை உடனே மூடி, புதுப் பட்டி ஒட்டி, புது நிறையை எழுதுங்கள். அந்த மிச்சப் பாதியை, அறிக்கையை எல்லோரும் வாசித்து, எதிர்க் கேள்விகள் வந்து ஓயும்வரை பூட்டியே வையுங்கள். சாவி ஒருவரிடமும், அலுமாரி இருக்கும் அறை இன்னொருவரிடமும் இருக்கட்டும்.